ரிப்போர்ட்டில் ஒட்டுண்ணி என்று வந்தால்: குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு

குழந்தைக்காக நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்திலோ சிகிச்சைக்குப் போய்வருகிற தம்பதியின் ஃபைல் வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே போகும். ஸ்கேன், ஹார்மோன், விந்துப் பரிசோதனை, ரத்தம், சிறுநீர். அந்தத் தாள்களுக்கு நடுவே எங்காவது ஒரு வரி கிடக்கும்: 'டாக்ஸோபிளாஸ்மா பாசிட்டிவ்', 'ஈஸினோஃபில் கூடுதல்', 'ட்ரைக்கோமோனாஸ் காணப்படுகிறது'. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே குடும்பம் அதைப் பார்த்துவிடும். "எனக்க மருமவளுக்கு ரத்தத்துல பூச்சியாம், அதாக்கும் தங்காதது" என்று பேச்சு மதிலைத் தாண்டிப் போய்விடும்.

லேபில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து வேலை பார்க்கிற எனக்கு இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுன்ட்டரிலேயே பிரித்துப் பார்த்து, "அக்கா, இதுதான் காரணமா?" என்று கேட்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் பெண்கள்தான். முகத்தில் பயத்தைவிடக் குற்ற உணர்ச்சி அதிகம் இருக்கும். கவுன்ட்டரில் நின்றபடி இதற்குப் பதில் சொல்லி முடியாது என்பதால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கான பரிசோதனையில் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது என்பதாலேயே அதுதான் குழந்தை தங்காததற்குக் காரணம் என்று ஆகிவிடாது. ரிப்போர்ட்டில் வருகிற ஒட்டுண்ணிகளில் சில, எப்போதோ வந்து போனதன் தடயம் மட்டுமே. சில இன்றைக்கும் உடம்பில் இருக்கின்றன, ஆனால் கருத்தரிப்பைத் தடுப்பதில்லை. கர்ப்பத்துக்கு முன்னால் தீர்த்துக்கொண்டால் தாய்க்கு நல்லது. கருத்தரிப்போடு நேரடியாகத் தொடர்புள்ளவை மிகக் குறைவு. எது எந்த வகை என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பயம், ஒரே மாத்திரை என்று போவதில்தான் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் நேரத்தை இழக்கின்றன.

ஒட்டுண்ணி எது, எது இல்லை

இன்னோர் உயிரின் உடம்பில் தங்கி, தனக்கு வேண்டிய உணவை அதிலிருந்தே எடுத்துக்கொண்டு வாழ்வது ஒட்டுண்ணி. மருத்துவத்தில் பாக்டீரியாவையும் வைரஸையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மலேரியாவை உண்டாக்குவது, டாக்ஸோபிளாஸ்மா, ட்ரைக்கோமோனாஸ் போன்ற ஒரு செல் உயிர்கள் ஒரு பக்கம். குடலிலும் ரத்தத்திலும் நிணநீர்க் குழாய்களிலும் வாழும் புழுக்கள் இன்னொரு பக்கம். பேனும் சொறிப்பூச்சியும்கூட ஒட்டுண்ணிகள்தான். அவற்றுக்கு இங்கே வேலை இல்லை.

இதை ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் கருக்குழாய் அடைபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் காசநோய். இன்னொன்று கிளமிடியா. இரண்டும் பாக்டீரியா. சிகிச்சை தொடங்கும் முன் எல்லாருக்கும் பார்க்கும் எச்.ஐ.வி.யும், ஹெப்படைட்டிஸ் பி, சி ஆகியவையும் வைரஸ். 'கிருமி இருக்காம்' என்று கேட்டுவிட்டு மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரை இவற்றில் எதையும் தொடாது. எந்தக் கிருமி என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனை நாள் தெரியாதது இப்போது எப்படித் தெரிந்தது?

ஏனென்றால் இத்தனை நாள் யாரும் தேடவில்லை. முப்பது வயது ஆரோக்கியமான ஒருவருக்கு ரத்தம், மலம், விந்து, யோனித் திரவம், விரைப்பை ஸ்கேன் என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்க்கிற சந்தர்ப்பம் வேறு எப்போது வருகிறது? குழந்தைக்கான சிகிச்சையில்தான் வருகிறது. தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டாக்ஸோபிளாஸ்மா தொற்று வந்து போயிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் கோடிக்கணக்கானோர் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். உங்கள் தெருவில் நாலு பிள்ளை பெற்ற பாட்டியின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் பாசிட்டிவ் வரலாம்.

டார்ச் டெஸ்ட்: சுவரில் தெரியும் வெள்ளக்கோடு

அதிகக் குழப்பம் இதில்தான். டார்ச் டெஸ்ட் என்பது கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. வழக்கமாக அதில் வரும் டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் ஆகியவற்றில் முதலாவது மட்டும்தான் ஒட்டுண்ணி. மற்றவை வைரஸ்கள்.

இந்தப் பரிசோதனை ஒட்டுண்ணியை நேரில் பார்ப்பதில்லை. ஒட்டுண்ணி வந்தபோது உடம்பு அதற்கு எதிராகத் தயாரித்த ஆன்டிபாடியைத்தான் பார்க்கிறது. ஆன்டிபாடி என்பது ஒரு கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வதற்காக உடம்பு உண்டாக்கும் புரதம். அதில் இரண்டு வகை இங்கே நமக்கு வேண்டும்: ஐஜிஎம், ஐஜிஜி.

2021 நவம்பர் மழையில் நம் குமரி மாவட்டத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருந்தபோதும் வடிந்த சில நாள் வரையிலும் தரை ஈரமாக இருந்தது. அப்புறம் தரை காய்ந்துவிட்டது. சுவரில் மட்டும் இவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று ஒரு கோடு நின்றுவிட்டது. ஐஜிஎம் தரையின் ஈரம். தொற்று வந்த சில நாளில் தோன்றி, பெரும்பாலும் சில மாதங்களில் குறைந்து போகும். ஐஜிஜி சுவரின் கோடு. சில வாரம் கழித்துத் தோன்றி, ஆயுள் முழுக்க நிற்கும்.

இப்போது ரிப்போர்ட்டைப் படிப்போம். ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் கோடு இருக்கிறது, ஈரம் இல்லை. எப்போதோ வந்து போயிருக்கிறது. இது நோய் அல்ல. இனி வந்தால் தடுக்க உடம்பு தயாராக இருக்கிறது என்றும் இதற்குப் பொருள். கர்ப்பத்தை எதிர்பார்க்கும் பெண்ணுக்கு இது நல்ல செய்தி என்றே சொல்வேன். இரண்டும் நெகட்டிவ் என்றால் இதுவரை தண்ணீரே புகவில்லை. பாதுகாப்பு இல்லை என்பதால் கர்ப்பகாலத்தில் சாப்பாட்டிலும் மண் வேலையிலும் கவனம் வேண்டும். நெகட்டிவ் என்று நிம்மதி அடைபவரும் பாசிட்டிவ் என்று அழுபவரும் இந்த ஒரு விஷயத்தில் இடம் மாறி நிற்கிறார்கள்.

இரண்டும் பாசிட்டிவ் என்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் உடனே பதற வேண்டாம். சில வீடுகளில் கட்டிலுக்கு அடியில் ஈரம் காயவே மாட்டேன் என்று நிற்கும் அல்லவா, அதேபோல் சிலருக்கு ஐஜிஎம் ஒரு வருஷத்துக்கு மேலும் நின்றுவிடும். அதனால் டாக்டர் இன்னொரு பரிசோதனை கேட்பார். அதற்குப் பெயர் அவிடிட்டி. ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அது அளக்கிறது. புதுச்சேறு விரலால் தொட்டாலே வழித்துக்கொண்டு வரும், நாள்பட்ட சேறு சுரண்டினாலும் வராது. பிடி இறுக்கமாக இருந்தால் தொற்று குறைந்தது மூன்று நாலு மாதம் பழையது. பிடி தளர்வாக இருந்தால் புதியதாக இருக்கலாம், ஆனால் அதை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ் என்று வந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்ப்பார்கள். உண்மையான தொற்று என்றால் அதற்குள் ஐஜிஜி தோன்றியிருக்கும். தோன்றவில்லை என்றால் முதல் பாசிட்டிவே பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அந்த எண். "ஐஜிஜி 180 இருக்கு, நார்மல் 10க்குள்ளதானே?" என்று ஒரு பெண் கேட்டார். ரிப்போர்ட்டில் அந்த வரி கறுப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் போட்டிருக்கும் அதே அம்புக்குறி. அதைப் பார்த்தால் யாருக்கும் நோய் கூடிவிட்டது என்றுதான் தோன்றும். அந்தப் பெண் ஒரு மருத்துவர் சொன்னபடி, டாக்ஸோபிளாஸ்மாவுக்கு எதிரான ஸ்பைராமைசின் மாத்திரையைச் சில மாதம் சாப்பிட்டு, எண் இறங்கவில்லை என்று கருத்தரிப்புச் சிகிச்சையைத் தள்ளிவைத்திருந்தார். சுவரின் கோடு உயரமாக இருப்பதால் இன்றைக்கு வீட்டில் தண்ணீர் நிற்கிறது என்று ஆகாது. மருந்தால் அந்தக் கோடு அழியவும் செய்யாது. ஐஜிஜியை நெகட்டிவ் ஆக்குவது என்று ஒரு சிகிச்சையே கிடையாது. முப்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் ஒவ்வொரு மாதத்துக்கும் மதிப்பு உண்டு. இல்லாத நோய்க்காக அதைக் காத்திருப்பில் கழிக்கச் சொல்வது பெரிய அநியாயம்.

உண்மையான ஆபத்து எது?

கர்ப்பமாக இருக்கும்போது வாழ்க்கையில் முதல்முறையாக இந்தத் தொற்று வருவது. அப்போது உடம்பில் ஆன்டிபாடி தயாராக இருக்காது. கிருமி நச்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகலாம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்றினால் சிசுவுக்குப் போகும் வாய்ப்பு குறைவு, போனால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் இது தலைகீழ். ஸ்பைராமைசினுக்கு உண்மையிலேயே வேலை இருப்பது இப்படிக் கர்ப்பத்தில் புதுத் தொற்று என்று தெரியும்போதுதான். கர்ப்பத்துக்கு முன்பே புதுத் தொற்று உறுதியானால், ஏறக்குறைய ஆறு மாதம் பொறுத்துக் கருத்தரிக்கச் சொல்வது வழக்கம்.

அப்படியென்றால் திரும்பத் திரும்பக் கரு கலைகிறதே, அதற்கு டாக்ஸோ காரணம் இல்லையா? பழைய தொற்று அப்படிச் செய்வதற்கு நல்ல சான்று இல்லை. தொடர் கருச்சிதைவுக்கு டார்ச் டெஸ்ட் செய்யும் வழக்கத்தையே விட்டுவிட வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011 வழிகாட்டுதலில் எழுதியது. நம் ஊரில் இன்னும் எழுதிக்கொடுக்கிறார்கள்.

பூனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாக்ஸோபிளாஸ்மா பாலினப் பெருக்கம் செய்வது பூனை இனத்தின் குடலில்தான். அதனால் ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டுப் பூனையைச் சாக்கில் கட்டி மீன் சந்தையில் கொண்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு பூனை பொதுவாகத் தன் முதல் தொற்றின்போது ஒன்றிரண்டு வாரம்தான் மலத்தில் கிருமியை வெளியேற்றும். வெளியேறிய கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். பூனையைத் தடவுவதாலோ அது மடியில் படுப்பதாலோ இது வருவதில்லை. அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத காய்கறி, மண் அளைந்த கையோடு சாப்பிடுவது, இவைதான் பெரிய வழிகள். ஆடோ மாடோ பன்றியோ, நன்றாக வெந்த கறியில் கிருமி உயிரோடு இருக்காது. நம் வீடுகளில் மரச்சீனியோடு சேரும் மாட்டுக்கறி மணிக்கணக்கில் வேகிறது. அதில் பயம் இல்லை. பச்சைக்கறியை நறுக்கிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவதில்தான் பயம். பூனையின் மலத்தை வீட்டில் வேறொருவர் தினமும் அப்புறப்படுத்தினால் போதும், பூனை இருந்துவிட்டுப் போகட்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: டார்ச் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது பழையதா புதியதா என்பது. ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் பழையது, மருந்து வேண்டாம், சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டாம்.

ரத்தம் குறைவு, ஈஸினோஃபில் கூடுதல்: குடலில் தேட வேண்டிய நேரம்

ஈஸினோஃபில் என்பது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் கூடும். உடம்பின் திசுக்களுக்குள் புழு இருந்தாலும் கூடும். இந்த எண் கூடி, கூடவே ஹீமோகுளோபினும் குறைந்திருந்தால் கொக்கிப்புழுவை நினைக்க வேண்டும்.

குலசேகரம், அருமனை, கீரிப்பாறை பக்கம் விடியலுக்கு முன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், வாழை விளையில் வெறுங்காலோடு வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மனித மலம் கலந்த ஈர மண்ணில் முட்டை பொரிந்து குஞ்சுப்புழு காத்திருக்கும். நிழலும் ஈரமும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு வந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்த பிறகு இது நம் பக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் இல்லாமல் போய்விடவில்லை.

ஒரு புழு குடிக்கும் ரத்தம் சொற்பம். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நெகேட்டர் வகை நாளைக்கு 0.03 மில்லி லிட்டர் அளவுக்குத்தான் ரத்த இழப்பை உண்டாக்கும். நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. சாதாரணமாக ஒரு மாதவிடாயில் போவது 30 முதல் 40 மில்லி வரைதான். இரும்பு மாத்திரை மாதக்கணக்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணுக்கு மலப் பரிசோதனை ஏன் வேண்டும் என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

மலப் பரிசோதனை என்றால் பலரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். லேபில் ஒரு துளி உப்புநீரில் குன்றிமணி அளவுகூட வேண்டாம், ஊசிமுனை அளவு கலந்து பார்க்கிறோம். கொக்கிப்புழு முட்டை நீள்வட்டமாக இருக்கும். நிறமில்லாத மெல்லிய ஓடு, உள்ளே நாலோ எட்டோ செல்கள், ஓட்டுக்கும் அவற்றுக்கும் நடுவே தெளிந்த இடைவெளி. மாதிரியை வெயிலில் வைத்து மாலையில் கொண்டுவந்தால் முட்டை வளர்ந்துவிடும், பார்ப்பதும் சிரமம். காலையில் எடுத்து உடனே கொண்டுவந்து கொடுங்கள். ஒருநாள் பார்த்து இல்லை என்று வந்தாலும், டாக்டர் சந்தேகப்பட்டால் இன்னும் இரண்டு நாள் பார்ப்பது நல்லது.

கொக்கிப்புழு இருந்ததால்தான் கரு தங்கவில்லை என்று சொல்ல முடியாது. அது செய்வது ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே (நடு மூன்று மாதத்தில் 10.5க்குக் கீழே) போனால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. கர்ப்பம் தொடங்கும்போதே 8, 9 என்று இருக்கும் உடம்பில் அது இன்னும் இறங்கும். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் தாங்காது. அதனால் சிகிச்சைக்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய பிரச்சினை இது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை, கூடவே இரும்புச்சத்து. தீர்ந்துவிடும்.

ஸ்டீராய்டு தொடங்குமுன் ஒரு கேள்வி

குடலில் வாழும் இன்னொரு சிறு புழு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். அதுவும் மண்ணிலிருந்து தோல் வழியாகத்தான் வரும். மற்றப் பெரும்பாலான குடல்புழுக்களிடம் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: வெளியே போகாமல் உடம்புக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் இருக்கும். சின்ன வயதில் தோப்பில் ஓடியாடி வாங்கிய தொற்று, இன்று பெங்களூரில் ஏசி அறையில் வேலை பார்ப்பவரிடமும் இருக்கலாம். தொந்தரவு எதுவும் இருக்காது, ஈஸினோஃபில் மட்டும் கூடிநிற்கும்.

இது ஏன் இங்கே முக்கியம் என்றால், சில இடங்களில் கரு பதிவதற்கு உதவும் என்று நினைத்து ஐ.வி.எஃப். (கருமுட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும்) சிகிச்சையோடு ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும்போது இந்தப் புழு கட்டுமீறிப் பெருகி நுரையீரல், மூளை என்று பரவக்கூடும். அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. போதாததற்கு, ஸ்டீராய்டு ஈஸினோஃபில் எண்ணிக்கையை இறக்கிவிடும். எண் நார்மலாகிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது உள்ளே புழு பெருகிக்கொண்டிருக்கலாம். ஈஸினோஃபில் கூடுதல் என்று ரிப்போர்ட் உள்ளவர் ஸ்டீராய்டு சீட்டைக் கையில் வாங்கும்போது, "டாக்டர், இதுக்கு முன்னாடி ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் பார்க்கணுமா?" என்று கட்டாயம் கேளுங்கள். சாதாரண மலப் பரிசோதனையில் இது தப்பிவிடும்; ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பார்கள். இதற்குச் சரியான மருந்து ஐவர்மெக்டின். ஒரு அல்பெண்டசோல் போட்டாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது.

இந்த இரண்டு பகுதிக்கும் சேர்த்து: குடல்புழுக்கள் குழந்தையின்மைக்குக் காரணம் அல்ல. கர்ப்பத்துக்கும் சிகிச்சை மருந்துகளுக்கும் உடம்பைத் தயார் செய்வதற்காகவே அவற்றைத் தேடித் தீர்க்கிறோம்.

ஆண் பக்கம்: யானைக்கால் புழு

குழந்தை இல்லை என்றதும் ஊசி, ஸ்கேன், டார்ச் என்று பெண்ணையே அலைக்கழித்துவிட்டு, கணவரின் விந்துப் பரிசோதனையை இரண்டு வருஷம் கழித்துச் செய்கிற குடும்பங்கள் இன்றும் நிறைய. ஒரே ஒரு மாதிரி, ஊசி இல்லை, வலி இல்லை. முதல் நாளே செய்ய வேண்டிய பரிசோதனை அது.

ஆண்கள் மறைத்துவைக்கும் ஒன்று விரைவீக்கம். ஓதம் என்று ஊரில் சொல்வார்கள். சாரத்துக்குள் (லுங்கிக்குள்) வருஷக்கணக்கில் அதை வைத்துக்கொண்டு மனைவியிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. விரைப்பையில் நீர் கோர்ப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. யானைக்கால் நோய் அறியப்பட்ட நம் கடற்கரைப் பக்கங்களில் ஃபைலேரியா புழுவும் அவற்றில் ஒன்று. கொசுக்கடியில் வரும் வுச்சிரேரியா என்ற நூல்போன்ற புழு நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கும். நிணநீர்க் குழாய் என்பது திசுக்களில் கசியும் நீரைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுசேர்க்கும் மெல்லிய வடிகால். ஆண்களில் விந்துநாளத்தை ஒட்டிய நிணநீர்க் குழாய்கள் இந்தப் புழுவுக்கு விருப்பமான இடம். வடிகால் கெட்டால் நீர் விரையைச் சுற்றித் தேங்கும்.

விந்தணு உருவாக, விரை உடம்பின் மற்றப் பகுதிகளைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சுற்றிலும் நீர் கோர்த்துக்கொண்டால் வெப்பம் வெளியேறுவது குறையும், அழுத்தமும் கூடும். எல்லாருக்கும் விந்தணு குறைந்துவிடும் என்றில்லை. வீக்கத்தோடு பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். குறைந்திருந்தால் இதுவும் கவனிக்க வேண்டிய ஒரு காரணம்.

விரைப்பை ஸ்கேனில் உயிருள்ள புழுக்கள் நெளிவதைத் திரையிலேயே பார்க்கலாம். 1990களில் பிரேசில் மருத்துவர்கள் இதை விவரித்து 'ஃபைலேரியா நடனம்' என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்காக ஸ்கேன் எடுக்கப்போய் இப்படித் தற்செயலாகத் தெரியவந்தவர்கள் உண்டு. இதன் குஞ்சுகளான மைக்ரோஃபைலேரியா நம் நாட்டில் இரவில்தான் தோலை ஒட்டிய ரத்தக் குழாய்களுக்கு வரும். அதனால்தான் சுகாதாரத் துறையினர் ராத்திரியில் வந்து விரலில் ரத்தம் எடுப்பார்கள். பகலில் எடுத்த ரத்தத்தில் இல்லை என்று வந்தால் அதை நம்பி முடிவுசெய்ய முடியாது. புழு வெளிவிடும் பொருளை ரத்தத்தில் தேடும், பகலிலும் பார்க்கக்கூடிய ஆன்டிஜன் பரிசோதனை இருக்கிறது. இந்தப் புழுவுக்கு டிஇசி மாத்திரையும், வீக்கத்துக்கு அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ட்ரைக்கோமோனாஸ்: சண்டை வேண்டாம், இருவரும் மருந்து சாப்பிடுங்கள்

இந்த வரிசையில் கருத்தரிப்போடு நெருக்கமான உறவுள்ளது இதுதான். 1836இல் பாரிஸில் அல்ஃபிரெட் டொனே என்பவர் கண்டறிந்த ஒரு செல் உயிர். உடலுறவில் பரவும். உலகம் முழுக்க 2020இல் மட்டும் 15 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாக வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மருந்தால் குணமாகும் பால்வினைத் தொற்று.

யோனித் திரவத்தின் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து உடனே பார்த்தால், வெள்ளை அணுக்களுக்கு நடுவே அவற்றின் அளவே உள்ள ஒன்று துடித்துத் துடித்து நகர்வது தெரியும். முன்பக்கம் நாலு மயிரிழைகள் சுழன்றுகொண்டிருக்கும். பத்து இருபது நிமிஷம் தாமதித்தால், மாதிரி குளிர்ந்துபோனால், துடிப்பு நின்றுவிடும். நின்றுவிட்டால் வெள்ளை அணுவா இதுவா என்று எங்களுக்கே தெரியாது. இந்தப் பரிசோதனையில் பாதிப் பேரிடம் தப்பிவிடுகிறது என்பதால், சந்தேகம் இருந்தால் மரபணுவைப் பார்க்கும் பரிசோதனை கேட்கலாம். சில சமயம் கணவரின் விந்து மாதிரியில் விந்தணுக்களுக்கு இடையே இதுவும் தென்படும்.

இது பிறப்புறுப்பில் அழற்சியை உண்டாக்கும். விந்தணுவின் ஓட்டத்தை இது குறைப்பதை ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். கர்ப்பத்தில் இருந்தால் பனிக்குடம் சீக்கிரம் உடைவதற்கும் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் ஐ.யு.ஐ.யோ (விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) ஐ.வி.எஃப்.போ தொடங்கும் முன் குணப்படுத்திவிட வேண்டும். மெட்ரோனிடசோல் போன்ற மருந்து, இருவருக்கும் ஒரே சமயத்தில். மனைவிக்கு மட்டும் கொடுத்தால் கணவரிடமிருந்து மறுபடி வரும். மருந்து முடிந்து தொந்தரவு நீங்கும்வரை உடலுறவு வேண்டாம். பெண்ணுக்கு மூன்று மாதத்துக்குள் மறுபரிசோதனை.

இந்த ரிப்போர்ட் வீட்டுக்குள் வந்தால் அடுத்த கேள்வி "யாரிடமிருந்து வந்தது?" என்பதாகத்தான் இருக்கும். எந்தப் பரிசோதனையும் அதைச் சொல்லாது. குறிப்பாக ஆண்களிடம் இது எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில், பெண்களிடம் சிலசமயம் வருஷக்கணக்கிலும் இருக்கும். கல்யாணத்துக்கு முந்தையதாகக்கூட இருக்கலாம். இன்று பாசிட்டிவ் என்பதை வைத்து நேற்றைய நடத்தையைத் தீர்மானிக்க ஒரு வழியும் இல்லை.

அரிதானவை, சுருக்கமாக

ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அங்கே ஏரியிலோ ஆற்றிலோ குளித்திருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஷிஸ்டோசோமா என்ற ரத்தப்புழு நன்னீர் நத்தையிலிருந்து வெளிப்பட்டு, தண்ணீரில் நிற்பவரின் தோல் வழியாக நுழையும். அதன் முட்டைகள் கருப்பை வாயிலும் கருக்குழாயிலும் தங்கித் தழும்பு உண்டாக்கிக் குழந்தையின்மைக்கே காரணமாகலாம். நம் குளங்களிலும் ஆறுகளிலும் குளிப்பதால் அந்தப் பயம் இல்லை. ஐ.வி.எஃப்.பில் கருமுட்டை எடுக்கும்போது கூடவரும் திரவத்தில் மைக்ரோஃபைலேரியா காணப்பட்ட நிகழ்வும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மிக அபூர்வம்.

டாக்டரிடம் என்ன கேட்பது, மருந்தை எப்போது சாப்பிடுவது

ரிப்போர்ட்டோடு உட்காரும்போது மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். இது பழைய தொற்றா, இப்போது இருப்பதா? இப்போது இருக்கிறது என்றால், கருத்தரிப்பைப் பாதிக்கிறதா, கர்ப்பத்தைப் பாதிக்குமா, இரண்டும் இல்லையா? இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொல்கிறீர்கள் என்றால் எத்தனை நாள், எந்தப் பரிசோதனை எப்படி வந்தால் மறுபடி தொடங்கலாம்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் இன்னொரு மருத்துவரிடம் ஃபைலைக் காட்டுவதில் தப்பே இல்லை.

மருந்தைப் பொறுத்தவரை, அல்பெண்டசோலைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்பார்கள். டிஇசியும் ஐவர்மெக்டினும் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. குழந்தைக்காக முயன்றுகொண்டிருக்கும் பெண் எந்த மாதமும் கர்ப்பமாக இருக்கலாம் என்பதால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மாதவிடாய் வந்த நாட்களில் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுவது பாதுகாப்பானது. ஐ.வி.எஃப். என்றால் ஊசிகள் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளலாம். தெரியாமல் பூச்சி மாத்திரை சாப்பிட்டு, அதே மாதம் கர்ப்பம் என்று தெரிந்தால் கலைக்க ஓட வேண்டாம். மாத்திரையின் பெயரையும் தேதியையும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் ஸ்கேனில் கவனித்துக்கொள்வார். குடல்புழு மாத்திரையை முன்கூட்டிச் சாப்பிட முடியாமல் போன கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்துக்குமேல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதைக் கொடுக்கிறார்கள்.